டெக்சஸில் நோட்டரி சைனிங் ஏஜென்ட் ஆகலாமா?

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை செய்கிறார். நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி தரும் இஏடி அட்டை இருக்கிறது. ஊரில் வங்கியில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் ‘நோட்டரி சைனிங் ஏஜென்ட்’ வேலையில் ஒரு தடவைக்கு நூறு, இருநூறு டாலர் கிடைக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். பயிற்சிக்கு ஐநூறு டாலர் கேட்கிறார்கள். குடியுரிமை இல்லாத நான் நோட்டரி ஆக முடியுமா? செலவு போக எவ்வளவு மிஞ்சும்? என்ன பிரின்டர் வாங்குவது? இந்தியாவுக்குப் பவர் எழுதி அனுப்ப நோட்டரி தேடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதையும் செய்து கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆகலாம். ஆனால் நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் பவர் வேலையை முதலிலும், வீடியோக்களில் பார்த்த வீட்டுக்கடன் வேலையை அடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டரி என்பது மாநில அரசு கொடுக்கும் பதவி. சைனிங் ஏஜென்ட் என்பது அந்தப் பதவியை வைத்துக்கொண்டு செய்யும் ஒரு தொழில், அதற்கென்று டெக்சஸில் தனி உரிமம் கிடையாது. பதவி நூறு டாலர் சுற்றுவட்டச் செலவில் கைக்கு வந்துவிடும். தொழில் வர மாதங்கள் ஆகும். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, முதல் வாரத்திலேயே பிரின்டர், பயிற்சி, விளம்பரம் என்று ஆயிரம் டாலருக்கு மேல் இறக்கிவிட்டு, மூன்றாவது மாதம் சோர்ந்துபோகிறார்கள்.

குடியுரிமையைப் பற்றிய பயம் வேண்டாம். நோட்டரி அமெரிக்கக் குடிமகனாகத்தான் இருக்க வேண்டும் என்று டெக்சஸிலேயே ஒரு சட்டம் இருந்தது. கிரீன் கார்டு வைத்திருந்த ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1984-இல் பெர்னால் எதிர் ஃபெய்ன்ட்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இன்று டெக்சஸ் கேட்பது இவ்வளவுதான்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், டெக்சஸில் வசிக்க வேண்டும், பெருங்குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ தண்டனை பெற்றிருக்கக் கூடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது விசாவைத்தான். எச்-4 இஏடி இருந்தால் சொந்தத் தொழில் செய்யலாம், தடையில்லை. ஆனால் உங்கள் கணவர், தாம் எச்-1பியில் இருக்கும்வரை, இதில் சம்பாதிக்கக் கூடாது. நீங்கள் ஒத்துக்கொண்ட வேலைக்கு அவர் போய்க் கையெழுத்து வாங்குவதும் கூடாது. இன்னொன்று மிக முக்கியம். 2025 அக்டோபர் 30 முதல் இஏடியைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குப் பழைய தானியங்கி நீட்டிப்பு கிடையாது. நோட்டரிப் பதவி நான்கு ஆண்டுக்கு இருந்தாலும், இஏடி காலாவதியாகிப் புதியது வராத நாட்களில் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அட்டையின் கடைசித் தேதிக்குப் பிறகான வேலை எதையும் புதிய அட்டை கைக்கு வராமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பதவி வாங்கும் வழி எளிது. விண்ணப்பம் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு ஆன்லைனில் போகிறது, கட்டணம் 21 டாலர். 10,000 டாலருக்கு ஒரு ஜாமீன் பாண்டு வேண்டும். அதை விற்கும் நிறுவனங்கள் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஐம்பது டாலர் அளவில் வாங்குகின்றன. 2026 ஜனவரியிலிருந்து மாநிலம் வைத்திருக்கும் சிறு பயிற்சியையும் முடிக்க வேண்டும். அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. பதவி வந்ததும் முத்திரையும் பதிவேடும் வாங்க வேண்டும். முத்திரையில் உங்கள் பெயர், ஐந்து முனை நட்சத்திரம், நோட்டரி எண், பதவி முடியும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். முத்திரையில் உள்ள பெயரும் நீங்கள் போடும் கையெழுத்தும் பதவிச் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும்.

பாண்டு உங்களைக் காப்பாற்றும் காப்பீடு அல்ல. உங்கள் தவறால் யாருக்காவது நஷ்டம் வந்தால் பாண்டு நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடமே வசூலிக்கும். உங்களைக் காப்பது ‘ஈ அண்ட் ஓ’ என்னும் பிழைக் காப்பீடு. வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் கைமாற்றத்தை முடித்துவைக்கும் டைட்டில் கம்பெனிகள் 25,000 டாலரிலிருந்து 1,00,000 டாலர் வரை கேட்கின்றன. பவர் வேலை மட்டும் செய்யும்போதுகூட இதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் வங்கிப் பழக்கம் உங்களை வழுக்கிவிடக்கூடும். வங்கியில் அடையாள அட்டையின் எண்ணை எழுதாமல் இருந்தால் தவறு. டெக்சஸ் நோட்டரி பதிவேட்டில் டிரைவிங் லைசென்ஸ் எண்ணையோ பாஸ்போர்ட் எண்ணையோ எழுதினால்தான் தவறு, விதியே தடுக்கிறது. எந்த வகை அட்டையைப் பார்த்து அடையாளம் கண்டீர்கள் என்று மட்டும் எழுத வேண்டும். கலிபோர்னியா நோட்டரிகள் வீட்டுப் பத்திரத்துக்கும் பவருக்கும் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகை வாங்குவார்கள். அந்த மாநிலத்துக்காரர்கள் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே அப்படிச் செய்யப் போகாதீர்கள். 2025-இல் வந்த புதிய சட்டப்படி பதிவுகளைப் பத்து ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

அதே 2025 சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. ஆள் நேரில் வராமல் வந்ததாக முத்திரை போட்டால் குற்ற வழக்கு. சொத்து மாறும் பத்திரமாக இருந்தால் அது சிறைத் தண்டனைக்குரிய பெருங்குற்றம். நம் ஆட்களிடம் இந்த வேண்டுகோள் நிச்சயம் வரும். “அவர் ஆபீஸில் இருக்கிறார், கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார், வாட்ஸாப் வீடியோவில் காட்டுகிறேன், ஒரு சீல் போடுங்களேன்” என்பார்கள். தெரிந்த குடும்பம், மறுக்கச் சங்கடமாக இருக்கும். மறுத்தே ஆக வேண்டும். இணைய வழி நோட்டரி என்று ஒன்று டெக்சஸில் 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதற்குத் தனி நியமனம், டிஜிட்டல் சான்றிதழ், முழு உரையாடலின் பதிவு எல்லாம் வேண்டும். வாட்ஸாப் அதில் சேராது.

இனி வீட்டுக்கடன் வேலை. ஒருவர் வீடு வாங்கும்போதோ கடனை மாற்றி எடுக்கும்போதோ (ரீஃபைனான்ஸ்) நூறிலிருந்து இருநூறு பக்கம் வரை ஒரு கட்டு வரும். இங்கே அதைப் ‘பேக்கேஜ்’ என்பார்கள். அதில் முத்திரை தேவைப்படுவது நாலைந்து தாள்தான்: அடமானப் பத்திரமான டீட் ஆஃப் டிரஸ்ட், ஒரே ஆளுக்கு வெவ்வேறு பெயர் இருந்தால் அதை உறுதிசெய்யும் பெயர் அஃபிடவிட், இந்த வீட்டில் குடியிருப்பேன் என்ற அஃபிடவிட் போன்றவை. கடன் உறுதிமொழியான ‘நோட்’டில் வழக்கமாக முத்திரை கிடையாது, கையெழுத்து மட்டும். மீதி எல்லாம் கையெழுத்தும் சுருக்கொப்பமும் தேதியும். முத்திரை போட எல்லா நோட்டரிக்கும் தெரியும். ஒரு சுருக்கொப்பம்கூட விடாமல், ஒரு தேதிகூடத் தவறாமல், அன்றைக்கே அந்தக் கட்டு திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் டைட்டில் கம்பெனி உங்களுக்குப் பணம் தருகிறது.

டெக்சஸில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய வரம்பு இருக்கிறது. பொதுவான பயிற்சிகள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. சொந்தக் குடியிருப்பு வீட்டின் மதிப்பை வைத்துப் பணம் எடுக்கும் ஹோம் ஈக்விட்டி கடன், கேஷ்-அவுட் ரீஃபைனான்ஸ் ஆகியவற்றை இங்கே ‘ஏ-6 லோன்’ என்பார்கள். மாநில அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, 50-ஆம் பகுதி, அந்தக் கடனுக்கான கையெழுத்து கடன் கொடுப்பவரின் அலுவலகத்திலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ டைட்டில் கம்பெனியிலோ மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது. கடன்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாங்கினால் கடனின் அடமான உரிமையே கேள்விக்குள்ளாகும். ஆக, மற்ற மாநிலங்களில் சைனிங் ஏஜென்டுகளுக்கு வரும் ஒரு பெரிய பங்கு வேலை இங்கே வீடு தேடிப் போகிறவர்களுக்கு வராது. பணம் எடுக்காமல் வட்டியை மட்டும் குறைக்கும் ரீஃபைனான்ஸ், வெளியூரில் இருக்கும் வாங்குபவர் அல்லது விற்பவரின் கையெழுத்து, வாடகைக்கு விடும் வீட்டுக்கான கடன் ஆகியவைதான் உங்கள் களம். தப்பித் தவறி ஏ-6 கட்டு வீட்டு முகவரியோடு உங்களுக்கு வந்தால், அச்சடிப்பதற்கு முன்பே, டைட்டில் கம்பெனியில் அதைக் கவனிக்கும் எஸ்க்ரோ ஆபீசருக்கு போன் போடுங்கள். மாநிலம் மாறிப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஜார்ஜியா, சவுத் கரோலினா, மாசச்சூசெட்ஸ் போன்ற இடங்களில் வீட்டுக் குளோசிங்கை (கையெழுத்திட்டுக் கைமாற்றத்தை முடிப்பதை) வழக்கறிஞர்தான் நடத்த வேண்டும். அங்கே இந்தத் தொழில் இன்னும் குறுகியது.

கணவன் மனைவி விஷயத்திலும் டெக்சஸ் கறார். கடன் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், குடியிருப்பு வீடு என்றால் மனைவியும் அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் உறுதிசெய்யும் போன் பேசும்போதே, “வீட்டில் இருவரும் இருப்பீர்களா? இருவர் லைசென்ஸும் காலாவதியாகாமல் இருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள். ஒருவர் சென்னைக்குப் போயிருக்கிறார் என்று போன பிறகு தெரிந்தால் அந்தப் பயணம் வீண். பவரை வைத்து மற்றவர் கையெழுத்துப் போடலாமா என்பதை டைட்டில் கம்பெனி முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து நீங்கள் முடிவெடுக்க முடியாது.

நம் பெயர்கள்! இந்தத் தொழிலில் தமிழருக்குத் தமிழர் உதவ முடிகிற இடம் இதுதான். சறுக்குவதும் இங்கேதான் அதிகம். கடன் பத்திரத்தில் ‘செந்தில் குமார் ராமசாமி’ என்று மூன்று சொல்லாக இருக்கும். லைசென்ஸில் ‘செந்தில்குமார் ராமசாமி’ என்று ஒட்டியிருக்கும். பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயராக இருந்ததால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்து, அதுவே வங்கிக் கணக்குவரை தொடர்ந்து வந்திருக்கும். தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் நடைமுறை இது: அடையாள அட்டையில் பத்திரத்தை விட அதிகப் பெயர் இருந்தால் பரவாயில்லை, பத்திரத்தில் அட்டையை விட அதிகப் பெயர் இருந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். இடைவெளி, ஓர் எழுத்து வித்தியாசம் போன்றவற்றைப் பெயர் அஃபிடவிட் தாங்கும். முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருந்தால் எஸ்க்ரோ ஆபீசருக்குச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு தொடருங்கள். முந்தின நாள் போனிலேயே லைசென்ஸில் உள்ளபடி பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் இதில் பாதிப் பிரச்சினை அப்போதே தெரிந்துவிடும்.

கையெழுத்தும் அப்படித்தான். ஊரில் ‘ஆர். செந்தில்’ என்று போட்டுப் பழகியவர், பத்திரத்தில் அச்சான முழுப்பெயரின்படி போட வேண்டும். முதல் தாளிலேயே சொல்லி, ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாற்பதாம் பக்கத்தில் கவனித்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

அடையாளத்துக்கு அமெரிக்க அரசோ மாநிலமோ கொடுத்த, படமும் கையெழுத்தும் உள்ள, காலாவதியாகாத அட்டை வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டை டெக்சஸ் சட்டம் குடியிருப்பு வீடு சம்பந்தமான பத்திரங்களுக்கு மட்டும் ஏற்றுக்கொள்கிறது. பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பா ஊரில் உள்ள வயலுக்குப் பவர் எழுதினால், பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து முத்திரை போட முடியாது. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த, அவர்களையும் தெரிந்த ஒருவர் சாட்சியாக வந்து சத்தியம் செய்ய வேண்டும்.

மேசையில் நடக்கும் பிழைகளில் அடிக்கடி வருவது மாவட்டப் பெயர். நோட்டரிச் சான்றின் தலைப்பில் ‘ஸ்டேட் ஆஃப் டெக்சஸ், கவுன்ட்டி ஆஃப்’ என்று இருக்கும். சொத்து எங்கே இருக்கிறது என்று அது கேட்கவில்லை, கையெழுத்து நடக்கும் இடத்தைக் கேட்கிறது. டைட்டில் கம்பெனி டல்லஸ் என்று அச்சடித்து அனுப்பியிருக்கும். நீங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவோ பாதி காலின் கவுன்ட்டியிலும் பாதி டென்டன் கவுன்ட்டியிலும் கிடக்கிறது. தெருவைப் பார்த்து, தவறானதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம் போடுங்கள். வெள்ளை மையைத் தொடவே வேண்டாம். பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பும். முத்திரை அச்செழுத்தின் மேல் விழுந்தாலும், ஓரம் பதியாமல் போனாலும் அதே கதிதான்.

அடுத்தது ரத்து உரிமைத் தாள். குடியிருப்பு வீட்டின் ரீஃபைனான்ஸில் கடனை ரத்துசெய்ய மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. இந்தக் கணக்கில் சனிக்கிழமை வேலை நாள். ஞாயிறும் ஃபெடரல் விடுமுறையும் கிடையாது. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றால் சனி, திங்கள், செவ்வாய். செவ்வாய் நள்ளிரவோடு அவகாசம் முடிகிறது. திங்கள் கிழமை மெமோரியல் டே என்றால் புதன்வரை போகும். ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு பிரதி கொடுக்க வேண்டும். தேதி தவறினால் கடன் பணம் விடுவிப்பதே தள்ளிப்போகும், மறுபடியும் கையெழுத்து வாங்கவும் நேரும். நேரம் தள்ளிப்போய் நள்ளிரவைத் தாண்டி முடிந்தால்கூட இந்தத் தாளை மறுபடி பார்க்க வேண்டும். வீடு வாங்கும் கடனுக்கும் வாடகை வீட்டுக் கடனுக்கும் இந்தத் தாள் இல்லை.

எழுவதற்கு முன் கட்டு முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை புரட்டுங்கள். “தேநீர் குடியுங்கள்” என்று சொன்னாலும் அதற்குப் பிறகுதான். பிறகு ஸ்கேன் எடுத்து அனுப்பி, டைட்டில் கம்பெனி சரி என்ற பின் கூரியரில் போட வேண்டும். ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் பெட்டியில் போட்டுவிட்டு வராமல், ஆள் இருக்கும் கவுன்ட்டரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடனைப் பற்றி விளக்கம் சொல்லும் ஆசைதான் உங்களுக்கு உள்ள பெரிய ஆபத்து. வங்கியில் இருந்தவர், தமிழில் பேசுகிறவர் என்பதால் உங்களிடம் அதிகம் கேட்பார்கள். இந்தியாவில் நோட்டரி என்றால் பல ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர். 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் கீழ் அரசு நியமிப்பவர். அந்த நினைப்பிலேயே இங்கும் “இந்த வட்டி சரிதானா? இந்தப் பிரிவில் கையெழுத்துப் போடலாமா?” என்பார்கள். வட்டி விகிதம் எந்தத் தாளில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அது நல்லதா கெட்டதா என்று சொல்லக் கூடாது. அந்தக் கேள்விக்கு அங்கேயே லோன் ஆபீசருக்கு போன் போட்டுக் கொடுங்கள். குடிவரவுப் படிவங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, நிரப்பிக் கொடுப்பது ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தமிழில் விளம்பரம் செய்தால், ‘நான் டெக்சஸில் வழக்கறிஞர் உரிமம் பெற்றவர் அல்ல, சட்ட ஆலோசனை தரவோ அதற்குக் கட்டணம் வாங்கவோ மாட்டேன்’ என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்தே போட வேண்டும் என்பது சட்டம். தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் போடும் சிறு படத்துக்கும் இதைக் கடைப்பிடியுங்கள்.

நீங்கள் கேட்ட கணக்குக்கு வருவோம். இடைத்தரகு நிறுவனமான சைனிங் சர்வீஸ் மூலம் வரும் வேலைக்குப் பொதுவாக 75 முதல் 125 டாலர் தருகிறார்கள். டைட்டில் கம்பெனியிடம் நேரடியாக வேலை கிடைத்தால் 125-க்கு மேல் கேட்கலாம். நூறு டாலர் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 150 பக்கக் கட்டு, கடன் கொடுப்பவருக்கு ஒன்று, கடன்காரருக்கு ஒன்று என்று 300 பக்கம். தாளும் டோனரும் பக்கத்துக்கு 3 சென்ட் வைத்தால் 9 டாலர். போய்வர 40 மைல். வரித்துறையான ஐஆர்எஸ் 2025-க்கு வைத்த மைலுக்கு 70 சென்ட் கணக்கில் 28 டாலர். மிச்சம் 63. அச்சடித்துச் சரிபார்க்க முக்கால் மணி, பயணம் ஒரு மணி, கையெழுத்து ஒரு மணி, ஸ்கேனும் கூரியரும் அரை மணி. மூன்றேகால் மணி நேரத்துக்கு 63 டாலர் என்றால், வரிக்கு முன் மணிக்கு 19 டாலர் சொச்சம். மோசமில்லை, வீடியோவில் சொன்னதும் இல்லை. பணமும் உடனே வராது. முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் கழித்துத் தருகிறவர்களே அதிகம். யாருக்கு எந்தத் தேதியில் செய்தீர்கள், எப்போது பணம் வந்தது என்று முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.

வேலையின் அளவு உங்கள் கையிலும் இல்லை, வட்டியின் கையில் இருக்கிறது. 2021 ஜனவரியில், வீட்டுக்கடன் நிறுவனமான ஃப்ரெடி மேக்கின் வாராந்தர சராசரியில் 30 ஆண்டு வட்டி 2.65 சதவீதத்துக்கு இறங்கியது. எல்லோரும் ரீஃபைனான்ஸ் செய்தார்கள், நோட்டரிகளுக்கு நாளுக்கு மூன்று நான்கு வேலை வந்தது. 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79-ஐத் தொட்டது. ரீஃபைனான்ஸ் வற்றிப்போனது. இன்று ஓடும் பயிற்சி விளம்பரங்கள் பலவற்றில் இருக்கும் வருமானக் கணக்கு அந்த 2021-இல் எடுத்தது. வீட்டு வாடகைக்கோ கார் தவணைக்கோ இந்தப் பணத்தை நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

டைட்டில் கம்பெனிகள் ஆண்டுதோறும் பின்னணிச் சோதனையும் ஏதாவது ஒரு சான்றிதழும் கேட்கும். 2012-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, வங்கிகள் தங்களுக்காக வேலை செய்யும் வெளியாட்களுக்கும் பொறுப்பு என்று அறிவித்ததிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. நேஷனல் நோட்டரி அசோசியேஷனின் சைனிங் ஏஜென்ட் தேர்வையும் பின்னணிச் சோதனையையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கின்றன, அதுவே போதும். பிறகு சைனிங் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்னாப்டாக்ஸ் போன்ற தளங்களில் பதிவுசெய்யுங்கள். ஐநூறு டாலர் பயிற்சி இப்போது வேண்டாம். மாதிரிக் கடன் கட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் ‘இது என்ன, யார் கையெழுத்து, தேதி உண்டா, முத்திரை உண்டா’ என்று நீங்களே நான்கு வரி எழுதிப் பாருங்கள். மூன்று கட்டுகளை இப்படி முடித்தால் எந்தப் பயிற்சியும் தருவதை விட அதிகம் பிடிபடும்.

பிரின்டர் லேசராக இருக்கட்டும். இங்க்ஜெட்டின் மை ஈரத்தில் கலையும், பக்கத்துக்குச் செலவும் அதிகம். இரண்டு தட்டு வேண்டும், ஒன்றில் 11 அங்குல லெட்டர் தாள், மற்றதில் 14 அங்குல லீகல் தாள். கட்டில் இரண்டு அளவும் கலந்து வரும். லீகல் பக்கத்தைச் சுருக்கி லெட்டரில் அடித்தால் பல கடன் நிறுவனங்கள் ஏற்பதில்லை. இரண்டு பக்கமும் அடிக்கக் கூடாது, கடன்காரர் பிரதி தவிர. ஐம்பது தாள் தானாக இழுக்கும் ஸ்கேனர் சேர்ந்தே இருந்தால் நல்லது. ஆனால் முதல் கடன் வேலை கிடைக்கும்வரை இதை வாங்காதீர்கள். அதுவரை பவர் வேலைக்கு வீட்டில் இருப்பதே போதும்.

அந்தப் பவர் வேலைதான் உங்கள் பகுதியில் உடனே கிடைக்கக் கூடியது. வாசகத்தை நீங்கள் எழுத வேண்டாம். ஊரில் உள்ள வழக்கறிஞரிடமோ பத்திர எழுத்தரிடமோ வாங்கி வரச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகளையும் அவர்களே கூட்டி வர வேண்டும், நீங்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. ஊர் வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, புகைப்படம் எல்லாம் கேட்டிருப்பார்கள், இருக்கட்டும். உங்கள் பங்கு, நேரில் வந்தவரை அடையாளம் கண்டு, கையெழுத்துத் தன்னுடையதே என்று அவர் ஒப்புக்கொண்டதைச் சொல்லும் டெக்சஸ் ஒப்புகைச் சான்றை ஆங்கிலத்தில் இணைத்து, முத்திரை போடுவது. பிறகு அந்தப் பத்திரத்தை அவர்கள் ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான ‘அப்போஸ்டில்’ சான்று வாங்க வேண்டும். ஒரு பத்திரத்துக்கு 15 டாலர். அங்கே உங்கள் கையெழுத்தையும் முத்திரையையும்தான் சரிபார்ப்பார்கள், மங்கலாக இருந்தால் திரும்பி வரும். இந்தியா 2005-இலேயே அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார்கள். சிலருக்கு ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பமே வேண்டும் என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். எது வேண்டும் என்று ஊர் வழக்கறிஞரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள், நீங்கள் தீர்மானித்துச் சொல்லாதீர்கள்.

கட்டணத்தில் கவனம். 2023 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் ஒப்புகைக்கு முதல் கையெழுத்துக்கு 10 டாலர், அதே சான்றில் கூடுதல் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 டாலர். அதற்கு மேல் முத்திரைக்கு வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து போகும் செலவைத் தனியாக, முன்பே ஒத்துக்கொண்டு, ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம் ஆகியவற்றின் நகலுக்கு ‘ட்ரூ காப்பி’ போட டெக்சஸ் நோட்டரிக்கு அதிகாரம் இல்லை. பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ் நகலுக்குப் போடலாம்.

வரியில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. நோட்டரிக் கட்டணமாக வாங்கும் பணத்துக்கு வருமான வரி உண்டு, 15.3 சதவீத சுயதொழில் வரி கிடையாது. ஆனால் சைனிங் கட்டணத்தில் அச்சடிப்பு, பயணம், கூரியர் வேலைக்கான பங்குக்கு அது உண்டு. மேலே சொன்ன நூறு டாலர் வேலையில் இரண்டு பேர் நான்கு பத்திரத்தில் ஒப்புகை செய்தால் 11 வீதம் 44 டாலர் நோட்டரிக் கட்டணம், 56 மற்றது. இந்தப் பிரிப்பு பதிவேட்டிலிருந்துதான் வரும் என்பதால், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை முத்திரை என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். கணவரின் சம்பளத்தில் பிடிக்கும் வரி இதற்கும் சேர்த்துப் போதவில்லை, ஆண்டு முடிவில் ஆயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டி வரும் என்று தெரிந்தால், காலாண்டுக்கு ஒருமுறை முன்வரி கட்டுங்கள். அல்லது அவர் டபிள்யூ-4 படிவத்தில் பிடித்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அது எளிது.

முதல் மூன்று மாதம் பவர், அஃபிடவிட், நகல் சான்று மட்டும் செய்யுங்கள். பதிவேட்டில் முப்பது நாற்பது பதிவு பிழையில்லாமல் சேர்ந்த பிறகு தேர்வு எழுதி, தளங்களில் சேருங்கள். முதல் கடன் வேலையாக, வீட்டை விற்பவர் தரப்புக் கட்டு வந்தால் தயங்காமல் எடுங்கள். பக்கங்கள் குறைவு, ரத்து உரிமைத் தாள் இல்லை, கூலி குறைந்தாலும் பிழைக்கு இடம் குறைவு.